மலைப்பாம்புக்கு இட்ட குங்குமம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். பாம்பே நடுங்கிப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் பெஞ்சமின். தொண்ணூற்றாறாம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு விடியற்காலை அதைப் பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையை ஒட்டிய ஒரு காலனியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் குனிந்து குனிந்தே இடுப்பு ஒடிந்தவர்கள். சேற்றில் கால் வைப்பதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டு பெஞ்சமின் கல்குவாரிக்குப் போனார். சேறு இல்லைதான். அதற்குப் பதில் வாய், மூக்கு, சோற்றுத் தூக்கு எல்லாவற்றிலும் கல்மாவு. குவாரி இருந்த குன்றுக்கு மொட்டமலை என்று பெயர். ஒருமுறை விறகு பொறுக்க ஏறியிருந்த ஒரு பெண் மேல் வெடித்த கல் வந்து விழுந்து, அவள் அங்கேயே செத்துப்போனாள். அப்புறம்தான் முதலாளிக்கு ஞானம் பிறந்தது. வெடிக்குமுன் மலையைச் சுற்றிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று பெஞ்சமினைப் போட்டார்.

கையில் சிவப்புக் கொடி, கழுத்தில் விசில். ஆடு மேய்ப்பவர், சுள்ளி பொறுக்குபவர், ஊருக்குத் தெரியாமல் பேச வந்த ஜோடி, எல்லோரையும் விரட்டி இறக்கிவிட்டு, கடைசியில் உச்சியில் நின்று "மலை காலி" என்று கத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் வெடி மேஸ்திரி கோதண்டராமன் திரியில் நெருப்பு வைப்பார். ஆறு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூடக் காயம் பட்டதில்லை. பெஞ்சமினுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஊரில் மற்றவர்கள் கர்வப்படும் விஷயங்களைப் பார்த்தால் இது ஒன்றும் அதிகமில்லை.

அந்தச் சித்திரையில் கிழக்குச் சரிவைப் புதிதாக உடைப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் கோடை மழை பெய்து பாறையெல்லாம் சில்லிட்டிருந்தது. இடம் பார்த்து வர விடியும்போதே ஏறிய பெஞ்சமின், ஒரு பெரிய உருண்டைப் பாறையின் அடியில் முள்ளம்பன்றி தோண்டிய வளை ஒன்றைக் கண்டார். வாசலில் கறுப்பு வெள்ளை முட்கள் கிடந்தன. உள்ளே ஆள் படுத்திருந்தாலும் படுத்திருக்கலாம் என்று டார்ச் அடித்தார்.

படுத்திருந்தது மலைப்பாம்பு. தொடை பருமன். வட்டம் வட்டமாகச் சுற்றி, சுற்றின் உச்சியில் தலையை வைத்திருந்தது. செத்துக் கிடக்கிறதோ என்று நினைத்த நேரத்தில் உடம்பு முழுக்க ஒரு வெட்டு வெட்டியது, விக்கல் எடுத்த மாதிரி. மூச்சு விடும் நேரம்தான், மறுபடி ஒரு வெட்டு. மறுபடி ஒன்று. குளிர்ஜுரம் கண்டு செல்லம்மா, அதாவது அவர் மனைவி, போன மழைக்காலத்தில் இப்படித்தான் கிடந்தாள். சுற்றின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தார். முட்டைகள்.

பெஞ்சமின் விசிலை எடுத்து ஊதினார். மலையில் எந்த உயிரைப் பார்த்தாலும் அவருக்குக் கை தானாக விசிலுக்குப் போகும். பாம்புக்குக் காது கிடையாது, விசிலாவது நாயனமாவது. அது அசையவில்லை. மூன்று நாள் போய் ஊதிப் பார்த்தார். மூன்று நாளும் அது நடுங்கிக்கொண்டே இருந்தது. கிழக்குச் சரிவில் வெடிக்குழி போட இன்னும் எட்டு நாள்.

யாரைக் கேட்பது? குவாரியில் சொன்னால் அன்று மாலையே அதன் தோல் ஒருவர் வீட்டிலும் கறி நான்கு வீட்டிலும் இருக்கும். நான்காம் நாள் லீவு போட்டுவிட்டு பஸ் மாறி மாறிக் கடற்கரைச் சாலைக்குப் போனார். மகாபலிபுரம் பக்கத்தில் முதலையும் பாம்பும் வைத்துப் படிக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கே ஹரிப்ரியா என்று ஒரு பெண் இருந்தாள். கல்பாக்கத்தில் அவள் அப்பாவுக்கு வேலை. அவள் பாம்பு ஆராய்ச்சி.

"மேடம், ஒரு மலப்பாம்பு முட்டய சுத்திக்கினு கீது. அதுக்கு ஜொரம். நடுங்கிக்கினே கீது. மருந்து ஏதாச்சும் உண்டா?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். "ஜுரம் இல்லைங்க. அது முட்டைக்குச் சூடு குடுக்குது. பாம்புக்கு நம்ம மாதிரி உடம்புல சூடு கிடையாது. வெயில் இருந்தா சும்மா இருக்கும். குளிர்ந்துபோச்சுன்னா, சதையை வெட்டி வெட்டி நடுங்கி அதுவே சூட்டை உண்டாக்கும். ஏறக்குறைய ரெண்டு மாசம். அதுவரைக்கும் எதுவும் சாப்பிடாது."

"ரெண்டு மாசம் பட்டினியா?"

"ஆமா. பாதி ஆளாப் போயிடும். குஞ்சு வெளிய வந்ததும் அதும்பாட்டுக்கு அது போயிடும், இதும்பாட்டுக்கு இது போயிடும். திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனா அதுவரைக்கும் விடாது."

முட்டையை எடுத்து வேறு இடத்தில் வைக்கலாமா என்று கேட்டார். கூடாது, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், புரண்டால் உள்ளே குஞ்சு செத்துவிடும் என்றாள். அதன் உதட்டோரம் குழிகுழியாக இருப்பதைப் பார்த்தீர்களா, இருட்டில் எலி வந்தாலும் அந்தக் குழிதான் அதன் சூட்டைக் கண்டுபிடிக்கும் என்றாள். வால் பக்கத்தில் இரண்டு நகம் இருக்கும், ஒரு காலத்தில் காலாக இருந்தது என்றாள். அந்தச் சின்னப் பெண் ஒரு பாம்பைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசியது பெஞ்சமினுக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் அவள் நோட்டைத் திறந்து, "எந்த ஊர்? ஃபாரஸ்ட்ல சொல்லி வேலையை நிறுத்திடலாம். சட்டம் இருக்கு" என்றாள்.

இங்கேதான் பெஞ்சமினின் நாக்கு புரண்டது. வேலையை நிறுத்தினால் அறுபது குடும்பத்துக்கு இரண்டு மாதம் அடுப்பு எரியாது. சொன்னது யார் என்று தெரிந்தால் அவர் எலும்பு மிஞ்சாது. "வேடந்தாங்கல் பக்கம் மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அவள் அதை நம்பி எழுதிக்கொண்டாள். அந்த நோட்டில் ஓடிய பேனா பெஞ்சமினுக்குப் பின்னாளில் கனவில் வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் யோசனை வந்தது. அதில் புத்திசாலித்தனம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. குவாரியில் எதற்கும் பயப்படாதவர்கள் ஒன்றுக்குப் பயப்படுவார்கள். மஞ்சள் குங்குமம் வைத்த கல்லில் கடப்பாரை படாது. கோதண்டராமன் புதுச் சரிவு தொடங்கும்போது கோழி அறுத்துப் பூசை போடுகிற ஆள். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, தன்னைத் தெரியாத கடையாகப் பார்த்து மஞ்சள்தூளும் குங்குமமும் வாங்கினார். மறுநாள் விடியுமுன் ஏறி, சிலுவைக் குறி போட்டு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பாறைக்கு மூன்று விரலால் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். உள்ளே அது நடுங்கிக்கொண்டிருந்தது.

பெஞ்சமின் வைத்தது பொட்டு மட்டும்தான். கனவு கண்டது எல்லம்மாள். ஜல்லி உடைக்கிறவள், பொட்டை முதலில் பார்த்தவளும் அவள்தான். அன்று மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவள் எழுந்து, "மடியில கொயந்தய வெச்சிக்கினு ஒரு அம்மா வந்தா. நான் உள்ளதான் கீறேன், என்ன கலைக்காதீங்கன்னு சொன்னா" என்றாள். எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பெஞ்சமினுக்கும்தான். அவள் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று அவராலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கோதண்டராமன் தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிட்டார். வெடி மேற்குச் சரிவுக்கு மாறியது. பத்து நாள் பெஞ்சமின் ஆகாயத்தில் நடந்தார். தினம் காலையில் போய் டார்ச்சை ஒரு விநாடி அடித்துப் பார்ப்பார். வயிறு ஒட்டி, தோலில் மடிப்பு விழ ஆரம்பித்திருந்தது. ஆனால் சுற்று தளரவில்லை. "இன்னும் கொஞ்ச நாளு, இருந்துக்கோ" என்பார். வீட்டில் பத்து வயது மகள் ஜெனிட்டா காய்ச்சலில் படுத்தால்கூட அவர் அவ்வளவு கனிவாகப் பேசியதில்லை.

பிள்ளையார் பிடிக்கப்போய் எதுவாக முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த மாதமே எல்லம்மாளின் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லாதவள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் ஏற ஆரம்பித்தார்கள். உள்ளே இருப்பது நாகம் என்று அவர்களாகவே முடிவு கட்டினார்கள். வளைக்குள் பாலை ஊற்றினார்கள். வாசலில் நாட்டுக்கோழி முட்டையை வரிசையாக வைத்தார்கள். இரண்டு மாதம் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் தன் முட்டையைக் கட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு தாய்க்கு முன்னால் யாரோ இட்ட முட்டைகள். பாலுக்கு எறும்பு வந்தது. முட்டைக்குக் கீரி வந்தது.

எல்லாவற்றையும்விடக் கற்பூரம்தான் பெஞ்சமினைக் கலங்கடித்தது. உதட்டுக் குழியால் சூட்டைப் பார்க்கும் பிராணிக்கு, வாசலில் எரியும் கற்பூரம் என்னவாகத் தெரியும்? பெரிய மிருகம் ஒன்று வாய் திறந்து நிற்பதாகத் தெரியுமோ? கேட்க ஹரிப்ரியாவிடம் போகலாம். போனால் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். போகவில்லை. "கற்பூரம் மட்டும் வாணாம், எட்டி நின்னு கும்புடுங்க" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார். "உனுக்கு இன்னா வந்துச்சு? உன் சாமி வேற, எங்க சாமி வேற" என்றாள் எல்லம்மாள். அதற்கு மேல் பேசினால் அது வேறு சண்டையாகும். தான் வைத்த பொட்டுக்கு முன்னால் தானே வாயடைத்து நின்ற மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வைகாசி மூன்றாம் வெள்ளி பொங்கல் வைத்தார்கள். கணக்குப்படி இன்னும் பத்து நாளில் குஞ்சு வந்துவிட வேண்டும். வளை வாசலை ஒட்டியே பதினோரு அடுப்பு. காற்று கடலிலிருந்து வந்தது, புகையை அப்படியே உள்ளே தள்ளியது. பெஞ்சமின் கீழே மேற்குச் சரிவில் நின்று அதைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அவர் கழுத்தில் தொங்கியது. ஓடி ஏறி, கொடியை வீசி, விசிலை மூச்சு முட்ட ஊதி, "வெடி வெக்கிறாங்க, எறங்குங்க" என்று கத்தினார்.

இந்தப் பக்கம் வெடி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பெண்கள் சிரித்தார்கள். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த கோதண்டராமன் சிரிக்கவில்லை. "ஆறு வருசமா உன் விசில நம்பித்தான் திரி கொளுத்துறேன். இன்னிக்கு நீ பொய்யா ஊதினா, நாளைக்கு எத்த நான் நம்பறது?" என்று கேட்டுவிட்டு விசிலைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பொங்கல் பொங்கியது. குலவை போட்டார்கள்.

மறுநாள் விடியும்போது பெஞ்சமின் ஏறினார். வளை காலியாக இருந்தது. பின்பக்கத்து வெடிப்பு வழியாக அது வெளியே போன தடம் மண்ணில் அகலமாக இழுபட்டிருந்தது. முட்டைகளைக் கீரி கிழித்துப் போட்டிருந்தது. தோல் மாதிரியான ஓடுகள். உள்ளே கால்வாசி தின்று விட்ட குஞ்சுகள், விரல் பருமன். தாயின் உடம்பில் இருந்த அதே சித்திரம் ஒவ்வொன்றின் மேலும் முழுசாக எழுதியிருந்தது. பதினெட்டு. ஒவ்வொன்றாக எண்ணினார்.

அதோடு முடிந்திருந்தால் அவர் ஒருவேளை மறந்திருப்பார். மூன்றாம் நாள் பார்த்தபோது அது திரும்பி வந்திருந்தது. எறும்பு மொய்த்த வெறும் ஓடுகளைச் சுற்றிச் சுருண்டு, உச்சியில் தலையை வைத்து, நடுங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சமின் வாசலில் உட்கார்ந்து அழுதார். "ஒண்ணும் இல்ல தாயி, உள்ள ஒண்ணும் இல்ல, போய்டு" என்றார். காது இல்லாத அதனிடம் அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும் சொன்னார். மூன்று நாள் அப்படிக் கிடந்தது. நான்காம் நாள் காணவில்லை.

அப்புறம் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடும். கட்டில் மெல்ல ஒரு வெட்டு வெட்டும். செல்லம்மா பக்கத்தில் அசையாமல் தூங்கிக்கொண்டிருப்பாள். தரையில் கை வைத்தால் தரையிலும் அந்த வெட்டு இருக்கும். விசில் போன பிறகு அவரைக் கல் துளைக்கும் கம்பிரசரில் போட்டிருந்தார்கள், அந்த ஓட்டம் உடம்பில் ஊறிவிட்டது என்றார் டாக்டர். சரி என்று கேட்டுக்கொண்டார். பாவசங்கீர்த்தனத்தில் போய், கல்லைச் சாமியாக்கினேன் என்று சொன்னார். பங்குத் தந்தை பத்து தடவை அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னார். ஆனால் அவரைத் தூங்கவிடாத பாவம் அதுவல்ல. மன்னிப்புக் கேட்டது ஒன்றுக்கு, குற்றம் வேறொன்று. ஒருமுறை கடற்கரைச் சாலைக்குப் போய் டிக்கெட் வாங்கி உள்ளே நின்றார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு மலைப்பாம்பு அசையாமல் படுத்திருந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஹரிப்ரியா இருக்கிறாளா என்றுகூடக் கேட்காமல் திரும்பிவிட்டார்.

குவாரி மலையைச் சுற்றிலும் தின்று தீர்த்தது. கிழக்குச் சரிவு மட்டும் மிச்சம். பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் தேங்க, நடுவே ஒற்றைப் பல் மாதிரி அந்தப் பாறை நின்றது. இரண்டாயிரத்து நாலில் குவாரியை மூடினார்கள். பெஞ்சமின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டி ஆனார். பாறைக்கு ஏறப் படி வந்தது, தகரக் கூரை வந்தது, டியூப் லைட் வந்தது, உண்டியல் வந்தது. பக்கத்து வேப்பமரம் முழுக்க மரத்தொட்டிலும் மஞ்சள் துணித் தூளியும் தொங்கின. சிலருக்குப் பிள்ளை பிறந்தது. பிறக்காதவர்கள் இன்னொன்று கட்டினார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு வெள்ளிக்கிழமை ஜெனிட்டா வந்தாள். மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் வேலை, கல்யாணமாகி நான்கு வருஷம். பையில் மஞ்சள் துணி வைத்திருந்தாள். "நைனா, மாதா கோயிலுக்கும் போய்க்கினுதான் கீறேன். இங்கயும் ஒரு தபா கட்டிப் பாக்கறேன். கூட வா" என்றாள்.

பதின்மூன்று வருஷம் அவர் அந்தப் பாறைப் பக்கம் போகவில்லை. அன்று போனார். மகள் துணியை எடுத்து மரத்தைப் பார்த்து நின்றபோது அவரால் பொறுக்க முடியவில்லை. நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். வேடந்தாங்கல் என்று சொன்ன பொய்யை, குங்குமத்தை, பதினெட்டை, வெறும் ஓட்டைச் சுற்றி அது நடுங்கிய மூன்று நாளை. "இங்க ஒண்ணும் இல்லம்மா. இருந்தத நான் கொன்னுட்டேன்" என்றார்.

ஜெனிட்டா அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை. "எத்தினி பொம்பளைங்க இங்க வந்து அயுதுட்டுப் போயிருப்பாங்க. எல்லாம் தெரிஞ்சிக்கினு நீ கம்முனு இருந்தியா?" என்றாள்.

அப்போது படியேறி ஒரு பெண் வந்தாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. வெயிலில் முகம் சிவந்திருந்தது, கையில் சின்னதாக ஒரு மரத்தொட்டில். எட்டிப் பார்த்தாள், கிளை எட்டவில்லை. ஜெனிட்டாவிடம், "அக்கா, இங்க கேட்டா குடுக்குமாக்கா?" என்று கேட்டாள்.

பெஞ்சமின் வாயைத் திறந்தார். சொல்லிவிடுவது என்றுதான் திறந்தார். ஜெனிட்டா அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"கேளும்மா. கேக்கறதுக்கு இன்னா" என்றாள். எம்பி, கிளையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் கட்டி முடிக்கும்வரை பிடித்திருந்தாள். அவளுடைய மஞ்சள் துணி பையிலேயே இருந்தது.

இருவரும் இறங்கி வந்தார்கள். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவள் கேட்டாள்.

"அப்புறம் அது எங்க போச்சு நைனா?"

"தெரியலம்மா. தேடாத எடம் இல்ல" என்றார் பெஞ்சமின். பஸ் கிளம்பியது.